ஒத்திகையில் இல்லாத விசில்

நாடகத்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மாஸ்டர் மறுபடியும் அழச் சொன்னார்.

"வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்றான். இந்த இடத்துல ஒரு சொட்டுக் கண்ணீராவது வரணும். உங்க வலி ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"முகமூடி போட்டிருக்கோம் மாஸ்டர். உள்ளுக்குள்ள குடம் குடமா அழுதாலும் எவனுக்குத் தெரியும்?" என்றாள் ஊசி.

மற்ற மூன்று பெண்களும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இவர் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு அழச் சொல்கிறார்.

"அப்ப குரல்லயாவது கொண்டு வாங்கம்மா."

"வீட்டுக்காரன் தண்ணிக் குழாயை மூடிட்டுப் போனா எவ அழுவா? திட்டுவா. நாங்க திட்டத்தான் செஞ்சோம். வேணும்னா அதைச் சொல்லிக் காட்டட்டுமா?"

"அய்யய்யோ, வேண்டாம்," என்றார் மாஸ்டர். முதல் ஒத்திகையில் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

அச்சகத்தின் மாடியில் ஓர் அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும். நான்கு பேருக்கும் ஒரே தொழில், பாலியல் தொழில். நாடகத்தை அவர்களே யோசித்து, பேசிப் பேசி உருவாக்கியிருந்தார்கள். ஒரு பெண் வாடகைக்கு வீடு தேடுகிறாள், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பெண்ணாக யாரும் நடிக்கவில்லை. மேடை நடுவே ஒரு காலி நாற்காலிதான் அவள். நாற்காலி அழாது என்பதால்தான் மாஸ்டர் இவர்களை அழச் சொன்னார். தரகர், வீட்டுக்காரர், வீட்டுக்காரரின் மனைவி, டாக்டர், இன்ஸ்பெக்டர் எல்லோரும் அந்த நாற்காலியிடம் வந்து பேசுவார்கள்; தரகராக வருகிறவளே வீட்டுக்காரராகவும் வருவாள். இது பெரியக்காவின் யோசனை. "நம்மளை எல்லாரும் பாத்துப் பாத்துச் சலிச்சாச்சு. இனி அவங்க மூஞ்சியை அவங்களே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் முகமூடியைக் கழற்றி, நான் இன்ன தொழில் செய்கிறவள் என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். விருப்பம் இல்லாதவள் கழற்ற வேண்டாம். ஊசிக்கு விருப்பம் இல்லை.

காரணம் அண்ணி.

ஊசியின் மகள் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். துணி கம்பெனியில் தையல் வேலை, விடுதியில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லித்தான் ஊசி அவளை அங்கே விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பாள். அண்ணி பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மூட்டையைக் கட்டி வைத்திருப்பாள். தலையணை உறை, திரைச்சீலை, பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்புத் தளர்ந்த கவுன். "நீ இருக்கும்போது வெளியில எதுக்குக் குடுக்கணும்?" என்பாள். ஊசிக்கு ஒரு பொத்தான் தைக்கக்கூட வராது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தையற்காரரிடம் ஓடுவாள். அவர் தைத்துத் தருவதை அடுத்த ஞாயிறு அண்ணியிடம் நீட்டினால், "இந்தத் தடவை தையல் கொஞ்சம் கோணிப்போச்சே" என்று சொல்வாள். இந்தக் கூத்தைக் கேட்டுத்தான் குழு அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தது.

போன ஞாயிறு மூட்டையைப் பிரிக்கும்போது பையிலிருந்து நாடக நோட்டீஸ் விழுந்தது. 'பெண்கள் குழு வழங்கும் நாடகம்' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

"என்னடி இது?"

"நாடகம் அண்ணி. வேஷத் துணியெல்லாம் நான்தான் தச்சேன்." அவள் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப நான் வராம இருப்பேனா? பாப்பாவை உங்க அண்ணன் பாத்துக்குவார்."

இப்போது திட்டம் இதுதான். முகமூடியோடு நடித்து, முகமூடியோடு உள்ளே போய், பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து, துணி தைத்தவளாக அண்ணி முன்னால் நிற்க வேண்டும்.

"எத்தனை நாளைக்குடி?" என்று கேட்டாள் பெரியக்கா.

"பாப்பா ஸ்கூல் முடிக்கட்டும்."

"அப்புறம் காலேஜ். அப்புறம் கல்யாணம். அப்புறம் பேரன் பொறந்தா அவனுக்கும் தொட்டில் துணி தச்சுக் குடுப்பியா?"

"அவ கதவைச் சாத்திட்டா எம்புள்ளையை நான் எங்க போய்க்கா பாக்கறது?"

பெரியக்கா ஒட்டு மீசையின் பின்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் வேஷம் அவளுக்கு.

மறுநாள் அரங்கு நிறைந்துவிட்டது. அண்ணி மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊசி வீட்டுக்காரரின் மனைவியாக வந்தாள். நாற்காலியைச் சுற்றி வந்து, "உங்களை மாதிரி இருக்கிறவங்க தொட்ட குழாயை நாங்க எப்படித் தொடறது?" என்று கேட்டுவிட்டு, கைக்குட்டையால் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். ஊசிக்கு எரிச்சலாக வந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியுமா?

அடுத்தது இன்ஸ்பெக்டர் வரும் காட்சி. ஒத்திகையில் இந்த இடத்தில் மாஸ்டர் கையைத் தட்டுவார். கை தட்டினால் விசில் ஊதியதாக அர்த்தம். எல்லோரும் சிலை மாதிரி நிற்க வேண்டும். மாஸ்டர் அன்று காலை, இயல்பாக இருக்கட்டுமே என்று, யாரிடமும் சொல்லாமல் நிஜ விசில் ஒன்று வாங்கி வந்திருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து மூச்சைப் பிடித்து ஊதினார்.

யாரும் சிலையாக நிற்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கால்களுக்குத் தெரியும். பையைத் தோளில் மாட்டு, செருப்பைக் கையில் எடு, பின்வாசலைப் பார். தரகர் ஓடினார். டாக்டர் நாற்காலியைத் தாண்டி ஓடினார். வீட்டுக்காரரின் மனைவி பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எல்லோருக்கும் பின்னால், மீசையும் தொப்பியுமாக, இன்ஸ்பெக்டரும் ஓடினாள்.

அரங்குக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்றபோதுதான் மூச்சு வந்தது. டாக்டராக நடித்தவளுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. அவள் சுவரில் பாதி ஏறி, இறங்கத் தெரியாமல் தொங்கினாள்.

"நீ ஏன்க்கா ஓடி வந்தே? நீதானே போலீஸு?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? எல்லாரும் ஓடினீங்க."

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது. பெரியக்கா கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். அதைக் கீழே போட்டு, மெதுவாகக் காலில் மாட்டிக்கொண்டாள்.

மாஸ்டர் பின்வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"எதுக்கு ஓடினீங்க?"

"நீங்க எதுக்கு ஊதினீங்க?"

"சரி விடுங்க, தப்பிச்சோம். அதுதான் முடிவுன்னு ஜனங்க நினைச்சுட்டாங்க. போலீஸே ஓடுது, என்ன கற்பனைன்னு எழுந்து நின்னு கை தட்டறாங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். அந்தத் தொழில் பண்றவங்க எப்படி ஓடுவாங்கன்னு நடிகைங்க எவ்வளவு கூர்ந்து கவனிச்சிருக்காங்கன்னு ஒருத்தர் மைக்லயே பாராட்டினார். வந்து வணக்கம் சொல்லிட்டுப் போயிடலாம். முகமூடி கழட்டற காட்சியே வேண்டாம், இப்ப போய் அதைச் சொன்னா ருசி கெட்டுடும்."

ஊசி அவரைப் பார்த்தாள். அவள் தப்பித்துவிட்டாள். யாரும் கழற்ற வேண்டாம். அண்ணிக்கு எதுவும் தெரியாது. சுற்றிப் போய்த் துணி தைத்தவளாக நிற்கலாம். இதைத்தானே ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தாள்? நிம்மதி வர வேண்டிய இடத்தில் தலைக்குள் ஏதோ கொதித்தது. ஓடியது நான், மூச்சு வாங்கியது எனக்கு, பாராட்டு மட்டும் எவளோ கவனித்து நடித்தாளாம், அவளுக்கு.

"சுவத்துல தொங்கறவளை இறக்குங்க மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

மேடையில் வெளிச்சம் அப்படியே இருந்தது. கூட்டம் மறுபடி கை தட்டியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அருமைம்மா. அந்த ஓட்டத்துக்கு எத்தனை நாள் பயிற்சி எடுத்தீங்க?"

ஊசி முகமூடியைக் கழற்றினாள். வேர்வையில் அது கன்னத்தோடு ஒட்டியிருந்ததால் கொஞ்சம் கிழிந்து வந்தது.

மூன்றாவது வரிசையில் அண்ணி வாயைப் பிளந்தாள். அடுத்த நொடி அவள் முகம் மலர்ந்தது. பக்கத்து இருக்கைக்காரியின் கையைத் தட்டி, அரங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எங்க நாத்தனாருங்க! துணி தைக்கறவ. இப்படி நடிப்பான்னு எங்க வீட்ல யாருக்குமே தெரியாது!"

முன்வரிசைக்காரர் மைக்கை நீட்டினார். ஊசி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பயிற்சியெல்லாம் எடுக்கலைங்க. விசில் சத்தம் கேட்டா நாங்க நிஜமாவே ஓடுவோம்." அவள் கேட்டவரைப் பார்க்கவில்லை. "அண்ணி, நான் எந்தத் துணி கம்பெனியிலயும் வேலை பாக்கலை. பாலியல் தொழில் பண்றேன். பாப்பா பொறந்த வருஷத்துல இருந்து."