குட்டையைச் சுத்தம் பண்ணியவர்

லாரி ஓட்டுகிறவருக்கு வீட்டு நிலவரம் அரைகுறையாகத்தான் தெரியும். தங்கையின் புருஷன் அந்த ரகம். போன தடவை அவர் புறப்பட்டபோது பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் வெறும் பள்ளங்கள் இருந்தன. அவர் ஊரெல்லாம் சுற்றி வருவதற்குள் அவற்றில் ஆள் உயரத்துக்குச் சம்பு மண்டிவிட்டது. சம்பு என்றால் கோரை போல நீரில் வளரும் செடி.

தங்கை அதை நட்டதே அக்காவுக்காகத்தான். கொட்டகை கழுவிய தண்ணீர் சரிவில் இறங்கி, கீழே இருந்த அக்கா வீட்டுக் கிணற்றைக் கெடுத்துவிட்டது. நாற்றம் தாங்காத அக்கா, ஒருநாள் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து தங்கை வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், கடைத்தெருவில் எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கைக்கு அது தீராத வலி.

கால்நடை டாக்டர்தான் வழி சொன்னார். கழிவு நீர் முதலில் தொட்டியில் நின்று, கசடு அடியில் தங்கும். தெளிந்தது சரளைக்கல் போட்ட பள்ளங்களில் சம்புக்கு ஊடே மெல்ல நகரும். வேரும், வேரை ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அழுக்கைத் தின்னும். தங்கை தினமும் கடைசிக் குட்டையில் தண்ணீரை அள்ளி மோந்து பார்ப்பாள். பன்றிகள் அவளைப் பற்றி என்ன நினைத்தனவோ!

நாற்றம் போனதும் டாக்டரையே தூது அனுப்பினாள். "வந்து பார்க்கிறேன். ஆனா பேசுவேன்னு எதிர்பார்க்க வேணாம்னு சொல்லுங்க" என்று அக்காவிடமிருந்து பதில் வந்தது.

தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் இருந்த புருஷனுக்கு போன் போட்டாள். "அக்கா வர்றாங்க. நான் தீவனம் வாங்கப் போறேன். நீங்க வந்ததும் குட்டையக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்க."

மேலே மிதக்கும் சருகையும் பிளாஸ்டிக் பையையும்தான் அவள் சொன்னாள்.

தீவன மூட்டையோடு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். சம்பு முழுக்க வேரோடு சுவரோரம் குவிந்து கிடந்தது. கலங்கிய தண்ணீர் கறுப்பாக நின்றது. புருஷன் பெருமையாக வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி? ஒரு களை விடல."

"ஐயோ, நான் குப்பையைத்தான சொன்னேன்!"

"சுத்தம்னா சுத்தம்தான? அதுல பாதிச் சுத்தம்னு வேற இருக்கா?"

அவள் தீவன மூட்டையைக் கீழே போட்டாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா கொட்டகைக்குப் பின்னால் வந்துவிட்டாள். பள்ளத்தைப் பார்த்தாள். குவியலைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாருடீ இதப் பிடுங்கினது?"

புருஷன் நைசாக லாரிக்குப் பின்னால் நகர்ந்தார்.

"இவர்தான்க்கா. புதர்னு நினைச்சு…"

"புதரா? இது வளந்தப்புறம்தானடீ என் கிணத்துல நாத்தம் நின்னுச்சு! போன மாசத்துலேருந்து அந்தத் தண்ணியிலதான் துணி துவைக்கிறேன்!"

சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"வாளித் தண்ணிய வாசல்ல ஊத்தினவ நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சரளையில் இறங்கினாள். ஒரு சம்புத் தூரை எடுத்து வேரை நசுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் காயல. தம்பி, லாரிக்குப் பின்னால என்ன கண்ணாமூச்சி? பிடுங்கின கையே நடட்டும். அடியே, வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணிய தொட்டியிலேயே நிறுத்து. நெருக்கி நடாத! உனக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாதா?"

பேசாதிருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்துத் திட்டினாள். தங்கை சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்குடீ அழற?"

"ஒண்ணுமில்லக்கா. நீ திட்டு."