பன்னிரண்டு மதிப்பெண் விடை

சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்து ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்தேன். திண்டுக்கல் பயிற்சி மையத்தில் செழியன் சார் என் விடைத்தாள்களில் எல்லாம் சிவப்பு மையில் ஒன்றே எழுதுவார்: "உதாரணம் எங்கே?" புத்தகத்தில் இருப்பதை வாந்தியெடுக்காதே, உன் தெருவைப் பார், சின்ன விவரம்தான் மார்க் வாங்கித் தரும் என்பார். பதினைந்துக்கு ஆறைத் தாண்டியதில்லை நான்.

அந்த வாரக் கேள்வி, குடும்பங்கள் மானத்தை எப்படிக் காக்கின்றன என்பது. தெருவரைக்கும் போவானேன், வீட்டிலேயே இருந்தது. குழந்தை இல்லை என்று என் அக்கா நர்கீஸைப் பழனியில் இருந்த மாமியார் வீட்டார் திருப்பி அனுப்பி ஏழு மாதம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள் என்று எங்கள் பேட்டை பேகம்பூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தோம். பொய் நிற்க வேண்டுமே, யாராவது வந்தால் கல்லுக்குண்டாய் இருக்கும் அம்மா ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துப் படுத்துக்கொள்வார். வந்தவர்கள் ஆரஞ்சு வைத்துவிட்டுப் போவார்கள். அதை எழுதினேன். அக்காவிடம் குறையில்லை என்று டாக்டர் சொன்னதையும், மச்சான் பரிசோதனைக்கு வர மறுத்ததையும் எழுதினேன். பெயர் எதுவும் போடவில்லை. பெரிய புத்திசாலி நான்.

பன்னிரண்டு மார்க். எங்கள் மையத்தில் வாரத்தின் சிறந்த விடையை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். இது தெரிந்தும் எழுதினேன் என்பதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது. மார்க் வந்த சந்தோஷத்தில், மாலை வகுப்பில் மச்சானின் சித்தப்பா மகன் அஸ்பாக் படிக்கிறான் என்பதே நினைவில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஜமாத் பெரியவர்கள் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவதாக இருந்தது. அக்கா துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை போன் வந்தது. எங்க வீட்டுப் பிள்ளையை ஊரெல்லாம் ஜெராக்ஸ் போட்டுச் சிரிக்க வச்சுட்டீங்க, இனிமே பேச ஒண்ணுமில்ல என்று அக்காவின் மாமனார் போனை வைத்துவிட்டார். அத்தா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

அக்கா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அடுப்படியில் நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க, ஹுஸ்னா," என்றாள். "நான் அவரோட வாழணும்னு ஆசைப்பட்டேன்ல. அத மட்டும் எழுதல."

காலில் விழுந்தேன். காலை நகர்த்திக்கொண்டாள்.

மெயின்ஸ் தேர்வில் அதே மாதிரி கேள்வி வந்தது. தக்க உதாரணத்துடன் விளக்குக என்றிருந்தது. விளக்கினேன், உதாரணத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியபோது அம்மா போர்வைக்குள் படுத்திருந்தார். யாரும்மா வந்திருக்கா என்று கேட்டேன். யாரும் வரவில்லை. விஷயம் தெரிந்தபின் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதே இல்லை. அம்மாதான் எழுந்திருப்பதில்லை.