கடித்துத் தின்ற மாத்திரை

ஒரு மாதமாக எங்கள் தெரு முடிதிருத்துபவருக்கு நெஞ்செரிச்சல். எரிச்சல் வந்தால் பாதி வெட்டிய தலையோடு ஆளை உட்கார வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். கடையையே மூடப் போவதாக அவர் மனைவி என்னிடம் மட்டும் சொன்னாள். நானும் நாலு பேரிடம் மட்டும்தான் சொன்னேன்.

அதில் ஒருத்தி மாடிவீட்டு நர்ஸ். நேராகக் கடைக்குப் போனாள். நானும் சும்மா பின்னால் போனேன்.

“அண்ணே, மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“தினமும், தங்கச்சி. ஒண்ணும் கேக்கல.”

“எப்படிச் சாப்பிடுறீங்க?”

அதை மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் நெளிந்தார். “கேப்ஸ்யூல் தொண்டையில நிக்குது. உடைச்சு, உள்ள இருக்கிற குருணையைக் கடிச்சுத் தின்னுடுவேன்.”

“ஒவ்வொரு குருணைக்கும் மேல உறை இருக்குண்ணே. கடிச்சா வயித்து அமிலம் மருந்தையே கெடுத்துடும். முழுசா முழுங்குங்க, காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி.”

“இறங்கணுமே.”

“நாள் பூரா எல்லாரையும் தலையைக் குனியச் சொல்றீங்கல்ல? நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு, தண்ணியோட முழுங்குங்க. இறங்கிடும்.”

இறங்கியது. பத்தாம் நாள் என் வீட்டுக்காரர் தலையை ஒரே மூச்சில் முடித்து அனுப்பினார். ஒரு பக்கக் கிருதா மட்டும் சற்று உயரம். அதற்கும் மாத்திரை உண்டா என்று நர்ஸிடம் கேட்க வேண்டும்.