கோயில் மேட்டில் நின்றுபோன பிக்கப்

கோயில் மேட்டின் பாதியில் பிக்கப் மறுபடியும் இருமி, இழுவை குறைந்து, நின்றே போனது. மோகனா கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். பின்னால் மணல் மூட்டைகள் சரிந்தன. மேட்டின் உச்சியில் நின்றிருந்த அவள் அண்ணன் தேவன் சிரித்த சிரிப்பு கீழே வரைக்கும் கேட்டது.

"என்ன தங்கச்சி, அங்கேருந்தே சாமிக்குக் கும்பிடு போட்டுட்டியா?"

அது அப்பாவின் வண்டி. அவர் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையிலேயே கிடந்தது. சாயங்காலம் பழைய இரும்பு லோரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போவதாகத் தேவன் பேசி முடித்துவிட்டான். மோகனாவோ அதை மீன் வண்டியாக்க நினைத்தாள். கோலா சுங்கை பாரு கடற்கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி விற்பவள் அவள். பெட்டி மீன் முதல் தோட்டத்திலேயே தீர்ந்துவிடும். கோயில் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு ஒரு வால்கூட மிஞ்சாது.

"சுமையோட மேடு ஏறிக் காட்டு, வண்டி ஒனக்கு. ஏறலன்னா லோரிக்கு," என்று தேவன் சொல்லியிருந்தான்.

அவளும் சும்மா இருக்கவில்லை. நாறிப்போன பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றி, பிசின்போல் படிந்திருந்ததைச் சுரண்டி, ஊசித் துளைகளை ஊதி ஊதித் திறந்தாள். பிளக் புதிது, பில்டர் புதிது. கொட்டகையில் நின்றபோது எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. மேட்டுக்கு வந்தால்தான் இந்தக் கூத்து.

தேவன் இறங்கி வந்தான். மோகனா பானட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிபோல் தெரியும் பில்டருக்குள் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

"கார்புரேட்டர்ல தப்பு இல்லண்ணே. பெட்ரோலே வரல."

"பம்ப்பு போச்சு. கதை முடிஞ்சது லா."

"பம்ப்பு போயிருந்தா பாதி மேடு எப்படி வந்துச்சு? கொஞ்ச நேரம் நின்னா திரும்ப எப்படி ஸ்டார்ட் ஆவுது?"

 தேவன் கைப்பேசியை எடுத்து மணி பார்த்தான்.

டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மோகனா மூடியைத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. அவள் கை அப்படியே நின்றது. மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிப்போய் எஞ்சினைக் கிளப்பிவிட்டு வந்து பார்த்தாள். பில்டர் நிறைந்துகொண்டிருந்தது.

"டாங்கிக்குக் காத்து போகலண்ணே. பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து வரணும். வரலன்னா பம்ப்பு என்ன இழுத்தாலும் வராது."

"அப்ப மூடிய வீட்டுல வச்சிட்டுப் போ."

"மேட்டுல பெட்ரோல் கொட்டுனா நீ வந்து ஏந்துவியா?"

வண்டியைப் பின்னாலேயே இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடியில் படுத்தாள். காற்றுக்கென்று டாங்கியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போனது. விரலால் அதைத் தொட்டுக்கொண்டே போனாள். வண்டியின் அடிச்சட்ட இரும்புக்குள் அதன் வாய் இருந்தது. வாயைச் சுற்றி அழகாக மெழுகி மூடிய மண். மோகனா திருப்புளியை ஓங்கினாள்.

"ஏய், தொடாத!"

தேவனின் மனைவி கலைமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டாகியிருந்தாள்.

"குளவிக் கூடுடி அது. குளவி கூடு கட்டுற வீட்டுல புள்ள பொறக்கும்பாங்க. பிள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல அதக் கலைப்பாங்களா? வண்டி எங்கயும் போக வேணாம். கொழந்த பொறக்குற வரைக்கும் கொட்டாயிலேயே நிக்கட்டும். என்னங்க, லோரிக்காரன வர வேணாம்னு சொல்லுங்க."

தேவன் கைப்பேசியில் லோரிக்காரனின் எண்ணை அழுத்தப் போனான்.

வண்டி பிழைத்துவிட்டது. ஆனாலும் மோகனாவுக்கு மனம் ஒப்பவில்லை. கொட்டகையில் நிற்கும் வண்டி மீன் சுமக்காது. பிள்ளை பிறந்த மறுவாரம் அதே லோரி வந்து நிற்கும்.

"போன் போடாதண்ணே. பேச்சு பேச்சுதான். மேடு ஏறுனாத்தான் வண்டி எனக்கு. கூட்ட நான் தொடமாட்டேன் அண்ணி."

குழாயின் கூட்டுப் பக்கத்தை விட்டுவிட்டு, டாங்கிப் பக்கம் மட்டும் கழற்றினாள். மீந்திருந்த பெட்ரோல் குழாயில் ஒரு துண்டு வெட்டி அங்கே செருகினாள். அதை மேலே ஏற்றிக் கம்பியால் கட்டி, வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலைத் துணியைச் சுற்றினாள்.

"குலுங்குனா கூடு விழுந்துருமே," என்றாள் கலைமகள்.

"அந்தக் குளவி இரும்புக்குள்ள கட்டியிருக்கா அண்ணி. அவள நம்புறீங்கல்ல? அவ வேலையயும் நம்புங்க."

கலைமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயப் பாரு! மெதுவாப் போ."

"மெதுவாப் போனா மேடு ஏறாது."

தேவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். "மூட்ட பத்தல. நானும் ஒரு மூட்ட."

இரண்டாவது கியர். பாதி மேடு வந்தது. மோகனாவின் காது முழுக்க எஞ்சினில் இருந்தது. இருமல் இல்லை. மிதியை இன்னும் அழுத்தினாள். வண்டி இழுத்தது. கோயில் கேட் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனது. எதிரே லயங்களின் தகரக் கூரைகள் தெரிந்தன.

தேவன் கைப்பேசியில் பழைய இரும்பு முதலாளியைக் கூப்பிட்டான். "தவுக்கே, லோரி வேணாம். வண்டி தங்கச்சிக்கு ஆயிருச்சு."

மோகனா வண்டியைத் திருப்பினாள்.

"எங்க போற?"

"கீழ. ஒரு தடவ ஏறுனத நம்ப முடியாது. இன்னொரு தடவ ஏறிப் பாக்கணும்."