கமலவேணிக்கு ஏற்ற வண்டி

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களில் வீரபாகுவைப் போல அளவுப் பைத்தியம் பிடித்தவர் வேறு யாரும் கிடையாது. அரை அங்குலம் பிசகினாலும் பலகையைப் பிரித்து மறுபடி அடிக்கச் சொல்வார். அவர் கார் வாங்கக் கிளம்பினால் என்ன பாடு படுத்துவார் என்பது சேலத்தில் பழைய சொகுசுக் கார்கள் விற்கும் சபரிநாதனுக்குத் தெரியாது. பாவம், முதல் நாளே காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டான்.

கடையில் இரண்டு பெரிய செடான் கார்கள் நின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்பு நீளமானது. பின்சீட்டில் காலை நீட்ட நாலு விரற்கடை இடம் கூடுதல். ஆனால் சீட் தரையோடு தரையாக இருந்தது. டிக்கியில் பாதியை ஸ்டெப்னி டயர் அடைத்துக்கொண்டதால் சக்கர நாற்காலி உள்ளே போகவில்லை. வெள்ளை ஒரு சாண் குட்டை. ஆனால் சீட் உயரம், கதவு அகலமாகத் திறந்தது, நாற்காலியும் டிக்கியில் அடங்கியது. வேகத்தில் கறுப்பை அடித்துக்கொள்ள முடியாது. வீரபாகுவுக்கு வேகம் எதற்கு? அவருக்கு வேண்டியது குலுங்காத வண்டி. முதுகுக்குத் தலையணை வைத்துப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, தண்ணீர் நிறைந்த டம்ளரைக் கையில் பிடித்தபடி வாழப்பாடி வரை இரண்டு காரிலும் போய்வந்தார். வெள்ளையில் அரை டம்ளர் சிந்தியது, கறுப்பில் கால் டம்ளர்தான். அந்தக் கால் டம்ளர்க் கணக்கிலேயே ஆனி மாதம் முக்கால்வாசி கழிந்தது.

இத்தனையும் அவர் மனைவி கமலவேணிக்காக. சித்திரையில் குளியலறையில் வழுக்கி விழுந்தவளுக்குக் கோயம்புத்தூரில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குக் கூட்டி வரும்போது, சொந்தக் காரில், ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. வலிக்காத வண்டி ஒன்று கிடைக்கும்வரை இவளைக் காரில் ஏற்றுவதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

கமலவேணிக்கோ நெஞ்சு முழுக்கப் பள்ளிபாளையத்தில் இருந்தது. அங்கே அவளுடைய ஒரே அக்காள் அன்புச்செல்வி வயிற்றில் புற்றுநோயோடு படுத்திருந்தாள். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"ஏனுங்க, எந்த வண்டின்னாலும் சரிங்க. ஒருக்கா அக்காளப் பாத்துப்போட்டு வந்தர்லாமுங்க."

"சித்த பொறு வேணி. அங்க போயி நீ அழுதுக்கிட்டா எறங்குவ?"

"அழுதா அழுதுட்டுப் போறனுங்க."

அந்தப் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலி தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தார். அவள் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிவரை போய்வருவதைத் தினமும் பார்த்தும் அப்படித்தான் நினைத்தார்.

ஒருவழியாக, ஏறி இறங்கச் சுலபமான வெள்ளையைத்தான் எடுப்பது என்று அவர் முடிவெடுத்த மறுநாள் ஆடி பிறந்தது. ஆடியில் வண்டி எடுக்கலாமா? கூடவே கூடாது. பதினெட்டாம் பெருக்கு அன்று எடுத்தால் மட்டும் தோஷமில்லை, பெருகும் என்பார்கள். ஆகவே பழைய காரைச் சபரிநாதனிடமே தள்ளிவிட்டு, முன்பணம் கொடுத்து, வெள்ளைக் காரைக் கடையிலேயே விட்டு வந்தார். சாவியைக்கூட வாங்கவில்லை. பதினேழு நாள்தானே என்றார். நல்ல மனுஷர்தான், அந்தப் பதினேழு நாளை மட்டும் யாரிடம் கேட்டு வாங்கினாரோ தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்காள் போனில் பேசினாள். குரல் நூலாக இளைத்திருந்தது.

"வண்டி எடுத்தாச்சா வேணி?"

"பதினெட்டாம் பெருக்குக்கு எடுக்கறாங்கக்கா. அன்னிக்கே வாரேன்."

"வா சாமி. நா பாத்துக்கிட்டே இருக்கறேன்."

ஆடி பதினொன்று காலையில் அக்காள் மகன் கௌதமன் போன் செய்தான். விடியும்போதே உயிர் போய்விட்டது, மத்தியானம் எடுத்துவிடுவார்கள்.

வீட்டில் கார் இல்லை. வாடகைக் காருக்குக் காத்திருக்கிற நிதானம் யாருக்கும் இல்லை. பட்டறையில் இரும்பு ஏற்றும் குட்டியானை வேன் நின்றது. அதில் மெத்தையைப் போட்டு, பட்டறை ஆட்கள் இரண்டு பேர் கமலவேணியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். வீரபாகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

திருச்செங்கோடு வரும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முகத்தையே பார்த்தார். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் முந்தானையைக் கடிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

"வலிக்குதா வேணி?"

"இல்லீங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும் கேட்டார்.

"வலிக்கவே இல்லீங்க" என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

வீரபாகுவுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதத்தில் அவள் முதுகு ஆறியிருந்தது. இரண்டு காரையும் இழை இழையாக அளந்தவர் அதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார். சித்திரையில் அழுதவளுக்காக ஆடியிலும் வண்டி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. 

பள்ளிபாளையத்தில் அவளை நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் குனிந்து அக்காளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நா வந்துட்டேன்க்கா" என்றாள். "ஒன்றரை மணி நேரந்தான் ஆச்சு."

வீரபாகு வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.