மிதக்கும் செல்கள்

பத்து வருஷம் தோல் செல் வளர்த்தவள் நான். தோல் செல் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு வாழும்; செத்தால்தான் பிடி விட்டு மிதக்கும். மிதப்பதை உறிஞ்சிக் கொட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெனாவெட்டோடுதான் ரத்தப் பிரிவுக்கு மாறினேன்.

அங்கே தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, நோயை எதிர்க்கும் செல்லாக வளர்க்க வேண்டும். இருந்தது ஒரே குப்பி, என் தங்கை பிரசவத்தில் கொடுத்த ரத்தம். வாரம் தவறாமல் போன் செய்வாள். "அக்கா, என் பொண்ணோட ரத்தம் வளருதா?"

வளரவில்லை. நான்கு வாரமாகியும், ஸ்டெம் செல்லுக்குத் துணையாக அடியில் பரப்பியிருந்த படுக்கைச் செல்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 'கண்ணாடி' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த பிரிவுத் தலைவர் குனிந்து பார்த்தார். "இந்தச் சோதனைய வெள்ளிக்கிழமையோட மூடிடலாம்மா." வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

வாரம் இரண்டு தடவை செய்வதுபோல் வியாழக்கிழமையும் மிதந்ததை உறிஞ்சினேன். கழிவில் ஊற்றும் ப்ளீச் தீர்ந்திருந்ததால் ஒரு சுத்தமான குழாயில் விட்டுவைத்தேன். குழாய் கலங்கலாக இருந்தது. ஒன்றுமே வளராத இடத்தில் இவ்வளவு எங்கிருந்து வந்து சாகிறது? குறுகுறுப்புத் தாங்கவில்லை. ஒரு சொட்டில் நீலச் சாயம் கலந்தேன். செத்த செல்லுக்குள் நீலம் ஏறும். உயிருள்ளது உள்ளே விடாது.

மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுகூட நீலமில்லை. வெள்ளை வெளேரென்று, உருண்டை உருண்டையாய், நூற்றுக்கணக்கில்.

ரத்தச் செல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டா வாழும்? பாலைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

"சார், வளர்ந்ததெல்லாம் நான்தான் கொட்டிட்டேன். ஏழு தடவ."

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "மிச்சத்த எடுங்க. வேலை செய்யுதான்னு பாப்போம்," என்றார்.

புற்றுநோய்ச் செல் ஒட்டி வளர்ந்திருந்த தட்டில் அதை விட்டோம். வெள்ளிக்கிழமை காலை, அடியில் பாதி இடம் காலி. பிடி விட்டு மிதந்த புற்றுநோய்ச் செல்களில் சாயம் விட்டால் அத்தனையும் நீலம். அவற்றின் நடுவே நம் ஆட்கள் வெள்ளையாய்ச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சோதனையை மூடும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

தங்கைக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"பெரியம்மா கையில ஏழு தடவ மாட்டியும் திரும்பி வந்திருக்கா," என்றாள். "இனிமே அவ யார வேணா ஜெயிப்பாக்கா."