அப்பாவின் காதில் இறங்கிய இடி

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. போனுக்கு ஆப் எழுதும் என் அண்ணி, சாப்பிடும்போது வாய்விட்டுச் சொன்ன இரண்டு வரியில் இருந்து எடுத்தது. அண்ணி என்றே எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் கதையில் அவர் பெயர் ‘கறார்’. ‘அவள்’ என்று எழுதவும் வசதி.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, கறார்… (வேண்டாம். அவள் அலுவலகத்தில் ஜன்னலே கிடையாது.)

2

கறார் எழுதியது காது மெஷினுக்கான ஆப். போனில் விரலால் இழுத்தால் காதில் சத்தம் கூடும், குறையும். அவள் அப்பாவும் அந்த மெஷினைத்தான் போட்டிருந்தார். புதுப் போன் வந்த நாளிலிருந்து ஒரே புலம்பல்.

“கொஞ்சமாத்தாம்மா இழுத்தேன். காதுக்குள்ள இடி இறங்குது.”

“ஆப்ல ஒண்ணுமில்லப்பா. உங்களுக்கு வயசாகுது.”

அப்பா மெஷினைக் கழற்றி வைத்தார். பேச்சையும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம். (அவரை இன்னும் கோபக்காரராக எழுதிப் பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது, அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3

கொஞ்சம் தொழில் பேச வேண்டும். கொட்டாவி வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஆப் ஓடும்போதே ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பொது ஃபங்ஷன், அதாவது கட்டளைத் துண்டு, உண்டு. கூப்பிடும் முன், அது இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டரைச் சரியான வகைக்குக் காஸ்ட் செய்ய வேண்டும், அதாவது அது என்ன வாங்கும், என்ன தரும் என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும்: ‘இது ஒரு தசம எண்ணை வாங்கும், எதையும் திருப்பித் தராது.’ சொல்லாவிட்டால், கொடுப்பவர் எண்ணை ஓரிடத்தில் வைப்பார். வாங்குபவர் வேறிடத்தில் தேடி, அங்கே கிடக்கும் கண்ட எண்ணையும் எடுத்துப் போவார். பழைய போனில் இரண்டு இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. புதியதில் அமையவில்லை; அந்தக் கண்ட எண்தான் அப்பா காதில் இடியாக இறங்கியது.

“யாருங்க இங்க காஸ்ட் பண்ணாம விட்டது?” என்றார், ஆப்பின் வரிகளை எட்டிப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரர்.

“நான்தான்,” என்றாள் கறார்.

“நீங்களா!” அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் குறைத்தே எழுதியிருக்கிறேன்.

ஒரே வரி. திருத்த ஒரு நிமிடம் ஆனது. அப்பாவிடம் சொன்ன ‘வயசாகுது’தான் நெஞ்சை அறுத்தது.

4

நான் எழுதிய முதல் முடிவு: ஆப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, “இப்ப போட்டுப் பாருங்கப்பா” என்கிறாள். எல்லோரும் நலம். அண்ணி படித்துவிட்டு, “இதுவே இருக்கட்டுமே” என்றார்.

நடந்தது வேறு. அவள் நேராக அப்பா முன்னால் போய் நின்றாள்.

“தப்பு என்னோடதுப்பா.”

“என்ன?”

மெஷின் இல்லாத காது. கத்தினாள்.

“என்ன?”

மூன்றாம் தடவை கத்தியதில் மாடிவீட்டுக் கதவு திறந்தது.

“முதல் தடவையே அவருக்குக் கேட்டிருக்குமோ அண்ணி?” என்று பிறகு கேட்டேன்.

“கேட்டிருந்தாலும் நான் மூணு தடவை சொல்ல வேண்டியவதான்.”

அவருக்கு எத்தனையாவது தடவை கேட்டது என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அண்ணியின் அப்பாவிடம் போய் விசாரிக்க எனக்குத் தைரியமில்லை.